கழற்றி மாட்ட வேண்டிய கவசம்

அமெரிக்காவில் அண்மைக்காலத்தில் கட்டப்பட்ட தீயணைப்பு வண்டிகளுக்குள் ஏறினால், எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் கண்ணில் படும்படி ஒரு சிறிய எச்சரிக்கைச் சீட்டு ஒட்டியிருக்கும்: ‘அமர்ந்திருக்கும்போது ஹெல்மெட் அணியாதீர்கள்.’ அந்நாட்டின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ. வகுத்த வண்டித் தர விதியின் 2009ஆம் ஆண்டுப் பதிப்பு அந்தச் சீட்டைக் கட்டாயமாக்கியது.

பெங்களூருவில் வசிப்பவருக்கு இது தலைகீழ்ப் பாடமாகத் தோன்றும். இருசக்கர வாகனத்தில் பின்னால் உட்கார்ந்து வருபவரும் ஹெல்மெட் போட்டாக வேண்டும் என்று 2016 ஜனவரியில் கர்நாடக அரசு கறாராகச் சொன்னது. அன்றிலிருந்து சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் முதலில் பார்ப்பது தலையைத்தான். பார்க்கக் காரணமும் இருக்கிறது. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் நாட்டில் ஹெல்மெட் அணியாமல் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர். சாலையில் உயிர் காப்பது ஹெல்மெட் என்று இத்தனை பாடுபட்டு ஊருக்குச் சொல்லிக்கொடுத்த பிறகு, சைரன் ஊதிக்கொண்டு விரையும் வண்டியில் இருப்பவர் மட்டும் அதைக் கழற்ற வேண்டுமா? எரியும் கட்டடத்துக்குள் நுழையவே தகுதியான ஹெல்மெட் ஆயிற்றே, விபத்து நேரும்போது தலையில் இருந்தால் நல்லதுதானே?

எதைத் தாங்குவதற்கான பலம் என்பதிலிருந்துதான் இதற்குப் பதில் தேட வேண்டும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டின் உயிர் அதன் பளபளப்பான ஓட்டில் இல்லை; உள்ளே இருக்கும் தெர்மகோல் போன்ற நுரையில் இருக்கிறது. தலை தரையில் மோதும்போது அந்த நுரை நசுங்குகிறது. ஓரிரு சென்டிமீட்டர் நசுங்குவதற்குள் தலை நிற்பதற்குக் கூடுதலாகச் சில மில்லி விநாடிகள் கிடைக்கின்றன. மூளையைக் காப்பாற்றுவது அந்தச் சில மில்லி விநாடிகள்தான். தீயணைப்பு ஹெல்மெட்டுக்கு விதிக்கப்பட்ட வேலை வேறு. மேலிருந்து விழும் ஓடு, செங்கல், கண்ணாடித் துண்டு, கொதிநீர், தணல், அறுந்து தொங்கும் மின்கம்பி ஆகியவைதான் அதன் எதிரிகள். தீயணைப்போருக்கான உலோகமல்லாத ஹெல்மெட்டுகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வைத்திருக்கும் ஐ.எஸ். 2745 என்ற தரம், இருசக்கர வாகன ஹெல்மெட்டுக்கான ஐ.எஸ். 4151இலிருந்து தனியாக இருப்பதற்கும் இதுதான் காரணம். பழைய வகைத் தீயணைப்பு ஹெல்மெட்டில் ஓட்டுக்கும் உச்சந்தலைக்கும் நடுவே பட்டைகள் கோத்த ஓர் இடைவெளி இருக்கும். உச்சியில் விழும் அடியை அந்தப் பட்டைகள் வாங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் கதவுச் சட்டத்தில் மண்டை மோதினால் அவை அதிகம் உதவுவதில்லை.

எல்லாத் தீயணைப்பு ஹெல்மெட்டும் அப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. 1980களில் பாரிஸ் வீரர்களுக்காக பிரான்ஸின் காலே நிறுவனம் வடிவமைத்த எஃப்1 ஹெல்மெட், மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போலவே காதுவரை தலையைக் கவ்விப் பிடிக்கும். ஐரோப்பியத் தரமான இ.என். 443இன்படி, 5 கிலோ எடையை 2.5 மீட்டர் உயரத்திலிருந்து ஹெல்மெட்டின் மேல் போட்டுச் சோதிக்கிறார்கள். அந்த அடியின் ஆற்றல் சுமார் 123 ஜூல். அந்த வகை ஹெல்மெட்டுகள் இந்திய நிலையங்களுக்கும் வந்துவிட்டன. ஆனால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் 5 கிலோ தலையில் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 480 ஜூல். வேகம் 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் 170 ஜூலைத் தாண்டுகிறது. சோதனைக்கூடத்தில் தேர்வான ஹெல்மெட்டுக்கு, அதற்குச் சொல்லிக்கொடுக்காத கணக்கைப் போடச் சொல்வதாகிவிடும்.

இது சிக்கலின் சிறு பகுதிதான். பெரிய பகுதி கழுத்தில் இருக்கிறது.

சீட் பெல்ட் போட்டவரின் மார்பும் இடுப்பும் இருக்கையோடு பிணைந்திருக்கின்றன. வண்டி எதிலாவது மோதி நின்றால் உடல் நின்றுவிடும். தலைக்கு எந்தப் பெல்ட்டும் இல்லை. அது முன்னோக்கிப் பாய, இழுத்துப் பிடிக்க வேண்டியது கழுத்து மட்டுமே. வேகம் குறையும் வீதம் புவியீர்ப்பைப்போல் 20 மடங்கு என்றால், அந்தக் கணத்தில் 5 கிலோ தலை 100 கிலோவாகக் கனக்கும். அதன்மேல் ஒன்றரைக் கிலோ ஹெல்மெட் இருந்தால் இன்னும் 30 கிலோ சேரும். அதுவும் கழுத்தின் அருகில் சேர்வதில்லை. தலையின் உச்சியில், நெம்புகோலின் தூர முனையில் சேர்கிறது. போர் ஹெலிகாப்டர் விமானிகளின் ஹெல்மெட்டில் இரவுப் பார்வைக் கருவிகளை மாட்டத் தொடங்கியபின் கழுத்துவலி அவர்களுடைய தொழில் நோயாகவே ஆகிப்போனதற்குக் காரணமும் இந்தக் கூடுதல் எடைதான். அங்கே மோதல்கூட நடக்கவில்லை, அதிர்வு மட்டும்தான்.

‘கார் பந்தய வீரர்கள் ஹெல்மெட்டும் பெல்ட்டும் சேர்த்துத்தானே போடுகிறார்கள்?’ என்று கேட்கலாம். அருமையான கேள்வி. அதற்கான பதிலைப் பந்தய உலகம் உயிர்களைக் கொடுத்துக் கற்றது. 1994இல் இமோலா பந்தயத் தடத்தில் ரோலண்ட் ராட்சன்பெர்கரும், 2001 பிப்ரவரியில் டேடோனாவில் டேல் எர்ன்ஹார்ட்டும் இறந்தார்கள். இருவரையும் கொன்றது மண்டையோட்டின் அடித்தள முறிவு. பெல்ட் உடலைப் பிடித்துக்கொள்ள, தலை பாய்ந்த விசையில் மண்டையோடு கழுத்தெலும்போடு சேரும் இடம் பிளந்துபோகும் காயம் அது. இதைத் தடுக்கும் கருவியை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் உயிர் இயந்திரவியல் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்ட் 1980களிலேயே உருவாக்கியிருந்தார். தோளில் அமரும் ஒரு கழுத்துப்பட்டி. அதிலிருந்து ஹெல்மெட்டின் இரு பக்கமும் செல்லும் கயிறுகள். தலை முன்னால் பாய்ந்தால் சுமையைக் கழுத்துக்குப் பதில் கயிறுகள் ஏற்றுக்கொள்ளும். ஹான்ஸ் என்று பெயர் பெற்ற அந்தக் கருவி 2003இல் ஃபார்முலா 1 பந்தயங்களில் கட்டாயமானது. 2005இல் ஜோர்டான் அணியின் காரில் ஏறி முதல் இந்திய ஃபார்முலா 1 ஓட்டுநரான கோவையின் நாராயண் கார்த்திகேயன், அதை மாட்டிக்கொண்டுதான் ஓட்டினார். ஹெல்மெட், ஆறு முனைப் பெல்ட், கழுத்துக் கயிறு, உடலுக்கு அச்செடுத்தாற்போன்ற இருக்கை எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும்படி சோதிக்கப்பட்ட பிறகே அந்த ஹெல்மெட் பாதுகாப்பானது ஆகிறது. அதிலிருந்து ஹெல்மெட்டை மட்டும் பிரித்தெடுத்துத் தீயணைப்பு வண்டியின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு மாட்டினால் பாதுகாப்பு கூடவே வந்துவிடாது.

பின்னாலிருந்து ஏதாவது மோதினால் இன்னொரு தொல்லை. இருக்கையின் தலைத் தாங்கி, தலைக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இருந்தால்தான் கழுத்து பின்னோக்கி மடிவதைத் தடுக்கும். அமெரிக்கப் பாணி ஹெல்மெட்டின் விளிம்பு பின்பக்கம் நீண்டு சரிந்திருக்கும். மேலிருந்து வடியும் தண்ணீர் சட்டைக் காலருக்குள் போகாமலிருக்க 19ஆம் நூற்றாண்டில் செய்த ஏற்பாடு அது. தீக்கு எதிரே நிற்பவருக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த விளிம்போடு சாய்ந்து உட்கார்ந்தால் தலை முன்னே தள்ளப்படும். தாங்கிக்கும் தலைக்கும் நடுவே வெற்றிடம் உருவாகும். வண்டி புரண்டால் கூரைக்கும் தலைக்கும் இருந்த கொஞ்ச இடத்தையும் ஹெல்மெட் தின்றுவிட்டிருக்கும்.

இதே என்.எஃப்.பி.ஏ. ஒரு காலத்தில் வண்டியில் ஹெல்மெட் அணியச் சொன்னதும் உண்டு; திறந்த வண்டிகள் ஓடிய காலம் அது. 19ஆம் நூற்றாண்டில் லண்டன் தீயணைப்புப் பணிக்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் பிரெய்ட்வுட்டின் பெயரால் அறியப்பட்ட வண்டி அமைப்பில், வீரர்கள் இருபுறமும் வெளியே பார்த்தபடி, திறந்தவெளியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து போவார்கள். திருப்பத்தில் கை நழுவினால் சாலைதான். பிரிட்டனில் 1930களிலிருந்து மூடிய அறை வந்தது. அமெரிக்காவில் வண்டியின் பின்படியில் தொற்றிக்கொண்டு போகும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. 1987இல் வெளியான என்.எஃப்.பி.ஏ. 1500 என்ற பணிப் பாதுகாப்பு விதி அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது: எல்லோரும் உட்கார வேண்டும், பெல்ட் போட வேண்டும், திறந்த இருக்கையில் போக நேர்ந்தவர்கள் ஹெல்மெட்டும் கண்காப்பும் அணிந்தே போக வேண்டும். 1991இல் வண்டித் தர விதி எல்லா இருக்கைகளையும் மூடிய அறைக்குள் கொண்டுவந்தது. சுவரும் கூரையும் பெல்ட்டும் வந்து சேர்ந்த பிறகுதான் ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னார்கள். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு பெங்களூருவுக்குத் திரும்பலாம்.

இந்தியத் தீயணைப்பு வண்டி பெரும்பாலும் இரண்டு இடங்களில் பிறக்கிறது. டாடா, அசோக் லேலண்ட் போன்ற நிறுவனங்களின் லாரி அடிச்சட்டம் ஆலையிலிருந்து வரும். தண்ணீர்த் தொட்டியையும் பம்பையும் வீரர்கள் உட்காரும் பின் அறையையும் பாடி கட்டும் நிறுவனம் பொருத்தும். பல வண்டிகளில் அந்தப் பின் அறை என்பது குறுக்கே போட்ட ஒரு நீள இருக்கைதான். தலைத் தாங்கி இல்லாத, பெல்ட் இல்லாத, கை வைக்கும் இடமெல்லாம் இரும்புச் சட்டம் துருத்திக்கொண்டிருக்கும் அறையில் உட்கார்ந்திருப்பவரிடம் அமெரிக்கச் சீட்டைக் காட்டி ‘ஹெல்மெட்டைக் கழற்று’ என்று சொல்வது நியாயமாகாது. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும், திடீரென்று பிரேக் அடிக்கும்போதும் மண்டை இடிபடுவதை அந்த ஹெல்மெட்தான் தடுக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் நாடிப்பட்டையை இறுக்கிப் போட்ட ஹெல்மெட் வெறுந்தலையைவிட மேல். கிட்டத்தட்ட திறந்த வண்டிக்கான பழைய விதி இங்கே பொருந்துகிறது. அதோடு திருப்திப்பட்டுவிடக் கூடாது என்பதுதான் முக்கியம். பெல்ட் செய்ய வேண்டிய வேலையை ஹெல்மெட்டிடம் ஒப்படைத்திருக்கிறோம். ஹெல்மெட்டால் அந்த வேலையை முழுதாகச் செய்ய முடியாது.

‘இந்த ஊர் டிராஃபிக்கில் வேகமாகப் போக முடிந்தால் அல்லவா விபத்து?’ என்று பெங்களூருக்காரர்கள் கேட்பார்கள். டாம்டாம் நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், நகர மையத்தில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 29 நிமிடம் 10 விநாடி ஆனது. உலகிலேயே இரண்டாவது மந்தமான நகரம் என்று அப்போது பெயர் வந்தது. மணிக்கு 20 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் வேகம். ஆனால் சராசரி எல்லா நேரத்துக்கும் பொருந்தாது. தீ நேரம் பார்த்து வருவதில்லை. நள்ளிரவில் காலியாகக் கிடக்கும் வெளிவட்டச் சாலையிலும் பல்லாரி சாலை மேம்பாலத்திலும் வண்டி வேகமெடுக்கத்தான் செய்யும். தவிர, குறைந்த வேகம் என்று நாம் நினைப்பது உடலுக்குக் குறைவானதல்ல. 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி சட்டென்று நின்றால், பெல்ட் போடாதவர் எதிரிலிருக்கும் இரும்பில் மோதும் வேகம், மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழும் வேகத்துக்குச் சமம். 50 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய 10 மீட்டர் உயரம், அதாவது மூன்றாவது மாடி.

தீயணைப்பு வண்டிக்கென்றே இன்னொரு அபாயமும் உண்டு. இந்தியாவில் பரவலாக ஓடும் ‘பி’ வகை நீர்வண்டி 4,500 லிட்டர் சுமக்கும். நாலரை டன் தண்ணீர். தொட்டி நிறைந்திருந்தால் சுமை அசையாமல் கிடக்கும். பாதி காலியானால், திருப்பத்தில் தண்ணீர் ஒரு பக்கமாக ஏறி வண்டியைச் சாய்க்கும். தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பது இதைக் குறைப்பதற்குத்தான், ஆனால் முற்றிலும் நிறுத்திவிடாது. அந்தப் பாதித் தொட்டியோடு வண்டி ஓடுவது பெரும்பாலும் தீயை அணைத்துவிட்டுத் திரும்பும்போது. சைரன் இல்லை, அவசரம் இல்லை, உடம்பில் தெம்பும் இல்லை. பெல்ட்டை மறக்க அதைவிட வசதியான நேரம் கிடையாது. வண்டி புரளும்போது பெல்ட் இல்லாதவர் அறைக்குள் உருட்டப்படுவார், அல்லது கதவு வழியாக வெளியே வீசப்பட்டு அதே வண்டியின் அடியில் சிக்குவார். எந்த ஹெல்மெட்டாலும் இதற்கு மருந்து போட முடியாது.

பணியின்போது இறக்கும் அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களின் மரணக் காரணங்களில், இதயச் செயலிழப்புக்கு அடுத்தபடி வாகன விபத்துகள் நெடுங்காலமாக முன்வரிசையில் இருந்துவருகின்றன. அவற்றில் ஒன்று அந்நாட்டையே உலுக்கியது. 2005 ஏப்ரலில் டெக்சாஸ் மாநிலத்தின் அமரில்லோ நகரில், தீ விபத்து அழைப்புக்கு விரைந்த வண்டிக்குள் ஓர் இளம் வீரர் கவசங்களை மாட்டிக்கொண்டிருந்தார். பெல்ட் போடவில்லை. கதவு திறந்துகொண்டது. சாலையில் விழுந்தவர் இரண்டு நாள் கழித்து இறந்துபோனார். ‘வண்டி நகரும்போது பெல்ட் போடுவேன்’ என்று நிலையம் நிலையமாகக் கையெழுத்து வாங்கும் உறுதிமொழி இயக்கம் அவருடைய மரணத்திலிருந்து பிறந்தது.

பின் இருக்கையில் இருப்பவருக்குப் பெல்ட் எதற்கு என்ற எண்ணம் நம் நாட்டில் தீயணைப்பு வீரர்களுக்கு மட்டும் உரியதல்ல. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில், சூர்யா நதிப் பாலத்தில் மோதிய சொகுசுக் காரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் உடன் இருந்தவரும் பின் இருக்கையில் இறந்தார்கள். இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை. முன்னால் இருந்த இருவரும் பலத்த காயங்களோடு பிழைத்தார்கள்.

ஆனாலும் தீயணைப்பு வீரர் பெல்ட் போடாததை அலட்சியம் என்று ஒதுக்கிவிட முடியாது. மணி அடித்ததும் வண்டியை எடுத்தாக வேண்டும். கனத்த கோட், பூட்ஸ், முதுகில் மூச்சுக்கருவி என்று எல்லாவற்றையும் ஓடும் வண்டியில் மாட்டிக்கொண்டால் இறங்கியவுடன் வேலையைத் தொடங்கலாம். ஒரு நிமிடம் மிச்சம். அந்த நிமிடத்துக்காகத்தான் எழுந்து நிற்கிறார்கள். கோட் போட்டவரின் உடம்புச் சுற்றளவுக்குச் சாதாரண லாரி பெல்ட் எட்டுவதுமில்லை. எட்டினாலும் கொக்கி எங்கே என்று கையுறையால் துழாவ வேண்டியிருக்கும். அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் சுமார் 950 தீயணைப்பு வீரர்களின் உடலளவுகளை எடுத்ததும், இருக்கையின் அகலமும் பெல்ட்டின் நீளமும் நிஜ உடம்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். 2009ஆம் ஆண்டு விதியில் ஹெல்மெட் சீட்டோடு சேர்ந்து வந்தவை நீளமான பெல்ட், எளிதில் தெரியும் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறம், யார் போடவில்லை என்று ஓட்டுநருக்குக் காட்டும் எச்சரிக்கை அமைப்பு. ‘போடு’ என்று அதட்டுவதைவிட, போடுவதைச் சுலபமாக்குவது பலன் தரும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

கழற்றிய ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்பதும் சின்ன விஷயமல்ல. மடியில் வைத்தால், 50 கிலோமீட்டர் வேக மோதலில் அந்த ஒன்றரைக் கிலோ பொருள் 140 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோடு எதிரில் இருப்பவர் முகத்துக்குப் பறக்கும். கோடாலி, டார்ச், மூச்சுக்கருவி உருளை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். அறைக்குள் வைக்கும் எந்தப் பொருளின் பிடிமானமும் முன்பின் திசையில் புவியீர்ப்பைப்போல் 9 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. ஆக, ஹெல்மெட்டுக்கும் வண்டியில் ஓர் இருக்கை தேவை: இறுகப் பிடிக்கும் ஒரு கொக்கி, இறங்கும்போது ஒரே இழுப்பில் கையோடு வரும்படி.

கர்நாடகத் தீயணைப்பு, அவசர சேவைத் துறை 2023இல் 90 மீட்டர் உயரம் எட்டும் ஏணி வண்டியைப் பெங்களூருவில் பணிக்குக் கொண்டுவந்தது. 2010 பிப்ரவரி 23 அன்று பழைய விமான நிலையச் சாலையின் கார்ல்டன் டவர்ஸ் தீயில் 9 பேரைப் பறிகொடுத்த ஊர் இது. உயரத்துக்காகக் கோடிகளைச் செலவிடுவதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஓர் இருக்கைக்கு மூன்று முனைப் பெல்ட்டும் தலைத் தாங்கியும் ஹெல்மெட் கொக்கியும் அந்தச் செலவின் ஓரத்தில்கூட வராது. வாய்ப்பும் இப்போதுதான் வாய்த்திருக்கிறது. 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில், மாநிலத் தீயணைப்புத் துறைகளை விரிவாக்கி நவீனமாக்க 5,000 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. பழைய வண்டிகள் போய்ப் புதியவை வருகின்றன. பம்ப் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் இறைக்க வேண்டும் என்று டெண்டரில் எழுதுவதைப் போலவே, பின் அறையில் எத்தனை பேர் உட்காருவார்களோ அத்தனை பெல்ட், கோட் போட்ட உடம்புக்கு எட்டும் நீளத்தில், என்றும் எழுதிவிடலாம். பட்டறையில் பாடி கட்டும்போதே பெல்ட்டின் ஆணியை அடிச்சட்டத்தோடு சேர்த்து இறுக்குவது எளிது. பிறகு தகரத்தில் துளையிட்டு மாட்டுவது வெறும் ஒப்புக்குத்தான்.

மீதி வேலை பயிற்சியில் இருக்கிறது. பன்னர்கட்டா சாலையிலுள்ள ஆர்.ஏ. முண்ட்கூர் தீயணைப்பு அகாடமி போன்ற இடங்களில் குழாய் விரிப்பதையும் ஏணி ஏறுவதையும் கடிகாரம் வைத்துப் பழக்குவார்கள். தரையில் நின்று கோட்டை மாட்டுவது, ஏறுவது, ஹெல்மெட்டைக் கொக்கியில் மாட்டுவது, பெல்ட் போடுவது, குழுத் தலைவர் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு ஓட்டுநருக்குக் குரல் கொடுப்பது ஆகியவற்றையும் அதே கடிகாரத்துக்குள் கொண்டுவர முடியும். அந்தக் குரல் வரும்வரை ஓட்டுநர் கியர் போடக் கூடாது, சைரன் ஏற்கெனவே அலறிக்கொண்டிருந்தாலும்.